தையல் மேசையில் பழைய பாட்டு: குமரி மாவட்டத்தில் ரேடியோ கேட்கிறவர்களுக்குச் சில யோசனைகள்

கைக்கு ஓய்வில்லாமல் வேலை செய்கிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். தோவாளையில் பூத்தொடுப்பவர்கள், கடலோரத்தில் வலை முடைபவர்கள், மேற்கே முந்திரிப்பருப்புக்குத் தோல் உரிப்பவர்கள், என்னைப்போலத் தையல் மெஷினே கதி என்று இருப்பவர்கள். இவர்களுக்குப் பழைய பாட்டும் ரேடியோவும் பொருந்துவதுபோல வேறெதுவும் பொருந்தாது. போனும் பாட்டுப் போடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று எதை விரும்பிக் கேட்டேனோ அதையே இன்றும் கொண்டுவந்து நிறுத்தும். நடுவில் யாராவது அழைப்பார்கள். நூல் சுற்றிய விரலால் திரையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும். ரேடியோவில் அடுத்த பாட்டு எது என்று தீர்மானிக்க நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் உள்ள வானொலி நிலையத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என் வேலை தைப்பது மட்டும்.

என் கடை தக்கலையிலிருந்து இரணியல் போகும் வழியில் இருக்கிறது. அண்ணன் ரேடியோ பழுதுபார்க்கும் தொழில் கற்றவர். இப்போது மிக்சியும் ஃபேனும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. எப்போதாவது யாராவது ஒரு பழைய செட்டைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தால் முகம் மலர்ந்துவிடும். கீழே நான் சொல்லும் தொழில்நுணுக்கம் அவரிடம் கற்றது. எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்ற வம்புக்கு மட்டும் நானே பொறுப்பு.

செட் வாங்கும்போது

விளக்கு மின்னும் பாட்டுப் பெட்டிகளை வாங்காதீர்கள். அவற்றில் ரேடியோ பெயருக்குத்தான் இருக்கும். பண்பலை (எஃப்.எம்.), மத்திய அலை (எம்.டபிள்யூ.) இரண்டும் எடுக்கிற, மின்சாரத்திலும் பேட்டரியிலும் ஓடுகிற, இழுத்து நீட்டும் கம்பி உள்ள சாதாரண செட் போதும். பெரிய ஸ்பீக்கர் உள்ளதாகப் பாருங்கள். உள்ளங்கை அளவு செட்டில் சீர்காழி கோவிந்தராஜன் பாடினாலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவதுபோலத்தான் இருக்கும்.

எண் காட்டும் டிஜிட்டல் செட் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. அமெரிக்காவில் 10. சில செட்கள் அந்த 10 கணக்கிலேயே விற்பனைக்கு வருகின்றன. அப்படிப்பட்ட செட்டில் திருநெல்வேலி நிலையத்தின் 1197-ஐ எவ்வளவு தட்டினாலும் பிடிக்க முடியாது. 1190-க்கு அடுத்து 1200-க்குத் தாவிவிடும். 1200-இல் நின்றால் பாட்டு மூக்கடைத்த குரலில் கேட்கும். இதை 9-க்கு மாற்றும் வசதி உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் முள் நகரும் பழைய மாதிரி செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நம் கை நிற்கும் இடத்தில் நிற்கும்.

பரணில் தாத்தாவின் மர்பி அல்லது புஷ் வால்வு செட் இருந்தால் உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம். வருடக்கணக்கில் ஓடாத செட்டில் கண்டென்சர்கள் கெட்டிருக்கும். முதலில் புகைதான் வரும். தொழில் தெரிந்தவர் ஒருவர் திறந்து பார்த்த பிறகு போடுங்கள். வால்வு சூடாகிப் பாட்டு வர அரை நிமிடம் போல ஆகும். அந்தக் காத்திருப்பைச் சகிக்க முடியாதவர்களுக்கு அந்த செட் வேண்டாம்.

101 எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது

நாகர்கோவில் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு. குமரி எஃப்.எம். என்று நாம் கேட்பது அதுதான், பண்பலையில் 101. பழைய பாட்டுக்கு முதல் புகலிடம் இதுவே. எந்த நேரத்தில் பழைய பாடல்கள் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். நேரம் அவ்வப்போது மாறும். ஒரு வாரம் காலை முதல் இரவு வரை செட்டை ஓடவிட்டு, பழைய பாட்டு வரும் வேளைகளைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துவிடுங்கள். அதன் பிறகு அந்தத் தாள் போதும்.

பண்பலை நேர்ப்பார்வையில் போகும் அலை. மலை மறைத்தால் மறைத்ததுதான். நம் மாவட்டத்தில் மலைக்குப் பஞ்சமில்லை. வேளிமலையின் மறைவில் இருக்கும் வீடுகளிலும், குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போனாலும் பாட்டு நடுவே காற்று வீசுவதுபோல இரைச்சல் கலக்கும். இப்படிப்பட்ட இடத்தில் விலை உயர்ந்த செட் வாங்கிப் பயன் இல்லை. செட்டை உயரத்தில் வையுங்கள். மாடி இருந்தால் மாடி. இரும்பு பீரோ, தகரக் கூரை, ஜன்னல் கம்பி இவற்றை விட்டு விலக்கி வையுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 101-இல் ஒலிபரப்பாகும் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அந்த அலை நேராகவும் வரும், சுவரிலும் மலையிலும் மோதித் திரும்பியும் வரும். இரண்டும் எதிரெதிராகச் சந்திக்கும் இடத்தில் செட் இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே மேசையில் இந்த மூலையில் இரைச்சல் என்றால் செட்டைக் கையில் எடுத்து, அரை மீட்டர், முக்கால் மீட்டர் என்று தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள். என் கடையில் வெட்டு மேசையின் தெற்கு முனையில் பி. சுசீலா தெளிவாகப் பாடுவார். அதே மேசையின் நடுவில் வைத்தால் சளி பிடித்துவிடும். கம்பியை முழுவதும் இழுக்க வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீட்டினால் 101-க்குப் போதும். நேராக நிறுத்தியும், படுக்க வைத்தும், சரித்தும் பார்த்து, நன்றாகக் கேட்கும் நிலையில் அப்படியே விட்டுவிடுங்கள். அதன் பிறகு அதில் டேப்பைத் தொங்கவிடக் கூடாது. இதை என் கடைப் பிள்ளைகளிடம் நான் சொல்லாத நாள் இல்லை.

போனிலேயே பண்பலை வசதி இருப்பவர்கள் இயர்போன் வயரைச் செருகினால்தான் அது பிடிக்கும். அந்த வயர்தான் அதற்கு அலையைப் பிடிக்கும் ஏரியல். வயர் இல்லாத இயர்போன் இதற்கு உதவாது.

101-ஐத் தாண்டி முள்ளை ஒரு நூல் நகர்த்தினால் 101.9-இல் திருவனந்தபுரம் வானொலியின் பண்பலை. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் போகப் போக இது ஓங்கும். மட்டமான செட்டில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மலையாளம் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பக்கத்தோடு இருந்தவர்கள்தானே. பழைய மலையாளப் பாட்டில் நம் ஊர்க்காரர் குரலும் இருக்கிறது: கமுகற புருஷோத்தமன், 1930-இல் திருவட்டாறில் பிறந்தவர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். திருவட்டாறு கோவிலுக்குப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கொடைக்கானல் பண்பலை 100.5-இல் இருக்கிறது. மலை உச்சியிலிருந்து வருவதால் தென் மாவட்டங்களில் வெகுதூரம் கேட்கும்; பழைய பாட்டுக்கும் பேர்போனது. ஆனால் நம்மிடம் 101-இன் சத்தத்துக்கு அடியில் அது அமுங்கிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போகிறவர்கள் தேடிப் பார்க்கலாம்.

மத்திய அலை: செட்டைத் திருப்பும் கலை

இப்போதுள்ள பிள்ளைகள் எம்.டபிள்யூ. என்ற பக்கம் ஸ்விட்சைத் தள்ளியே பார்த்திருக்க மாட்டார்கள். நாட்டில் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல இடங்களில் குறைந்து வருகின்றன. அதற்காகவே என்று பெரிய தொகை செலவழிக்க வேண்டாம். இருக்கிற செட்டில் இருக்கிற வசதியைப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டால் போதும்.

மத்திய அலைக்கு அந்த நீட்டும் கம்பி எந்த உதவியும் செய்யாது. செட்டைத் திறந்தால் மேல்புறத்தில் நீளவாக்கில் கறுப்பாக ஒரு கட்டை இருக்கும், அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். ஃபெரைட் கட்டை என்பார்கள். அதுதான் ஏரியல். அதற்குத் திசை உண்டு. செட்டின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்த்தால் நன்றாக எடுக்கும். செட்டின் பக்கவாட்டு நுனி நிலையத்தைப் பார்த்தால் அந்த நிலையம் அடங்கிவிடும்.

நம் ஊருக்கு இது வரம். தக்கலையிலிருந்து பார்த்தால் திருநெல்வேலி வடகிழக்கே, திருவனந்தபுரம் வடமேற்கே. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்டச் செங்கோணம். திருநெல்வேலி 1197-இலும் திருவனந்தபுரம் 1161-இலும் டயலில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதால் சிறிய செட்டில் ஒன்றுக்குள் ஒன்று கசியும். செட்டின் முகத்தை வடகிழக்கே திருப்புங்கள்: திருநெல்வேலி எழும், திருவனந்தபுரம் பின்வாங்கும். அப்படியே கால்வட்டம் திருப்புங்கள்: தலைகீழாக மாறும். காசு செலவில்லாத வித்தை. மெதுவாகத் திருப்ப வேண்டும். முழுவதும் அடங்கும் இடம் மிகக் குறுகியது. தூத்துக்குடியின் 1053 கிழக்கே தள்ளி இருக்கிறது. அது இலங்கை நேயர்களை எண்ணி அமைக்கப்பட்ட 200 கிலோவாட் ஒலிபரப்பி. அதன் திசையும் திருநெல்வேலித் திசையும் வெகு தூரமில்லை, ஆகவே அவை இரண்டையும் இந்த வித்தையால் எளிதில் பிரிக்க முடியாது.

பொழுது சாய்ந்ததும் மத்திய அலையின் குணம் மாறும். பகலில் வானத்தின் மேலடுக்கு ஒன்று இந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்தபின் அந்த அடுக்கு கலைந்துபோக, அலைகள் இன்னும் உயரத்தில் பட்டுத் திரும்பி எங்கெங்கோ இறங்கும். ஆகவே தூர நிலையம் தேடுகிறவர்கள் விளக்கு வைத்தபின் தேடுங்கள். பாட்டு ஏறி இறங்கி அலையும். அதைச் சரிசெய்ய முடியாது.

கடலோரத்தவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை நிலத்தைவிடக் கடல்மேல் அதிக தூரம் வலுவிழக்காமல் போகும். நம் கரையில் இலங்கை வானொலி சொந்த ஊர் நிலையம்போலக் கேட்டதற்கு இதுவும் காரணம். மற்றொரு காரணம் டெல்லியில் இருந்தது. 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கதவை அடைத்தார். திரைப்பாட்டு வேண்டியவர்கள் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி தொடங்கியபின்தான் இங்கே கதவு திறந்தது. அதற்குள் ஜனங்களின் காது இலங்கையில் பதிந்துவிட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயரைப் பாடகர்களின் பெயர்போலச் சொல்வார்கள். ஜாக்கெட் தைக்க முட்டத்திலிருந்து வரும் ஒரு பாட்டி, “மக்களே, கொழும்பில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி தொடங்கினால் எங்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். கொதிக்காவிட்டால் அம்மா என்னைத்தான் ஏசுவாள்” என்று சொல்லிவிட்டு, அளவு எடுக்கும்போதே அந்த முகப்பு இசையை முணுமுணுத்தார். இப்போது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவைகளை இணையத்தில் கேட்கலாம். காற்று அசையாத சில இரவுகளில் கடல்மேல் வெப்பக் காற்று அடுக்காகப் படியும்போது இலங்கைப் பண்பலை நிலையங்கள்கூடக் கரையில் வந்து போவது உண்டு. அது கிடைத்தால் கிடைத்தது. நம்பி உட்கார முடியாது.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான். மத்திய அலையில் கரகரப்பு என்றால் செட்டைக் குறை சொல்வதற்கு முன் எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். செட்டை பேட்டரியில் ஓட்டினால் பாதி இரைச்சல் போய்விடும். மின்தடை நேரத்தில் பாட்டு எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று கேட்டுப் பார்த்தால் இது புரியும்.

தையல்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலால் மிதிக்கும் மெஷின் ரேடியோவுக்கு எந்தத் தீங்கும் செய்யாது. மோட்டார் மாட்டினீர்களோ, அதன் கார்பன் உரசும் இடத்தில் பறக்கும் நுண்பொறிகள் மத்திய அலையில் ‘கர்ர்’ என்று ஏறும். மிதித்தால் இரைச்சல், விட்டால் பாட்டு. பண்பலையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆகவே நான் மோட்டாரில் நேர்த்தையல் ஓட்டும் நேரத்தில் 101, கொக்கி கட்டும்போதும் காஜா எடுக்கும்போதும் திருநெல்வேலி என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

உப்புக்காற்று செட்டுக்கு எமன். குளச்சல், மண்டைக்காடு, முட்டம் பக்கத்தில் கம்பியின் பளபளப்பு சீக்கிரமே கறுத்து, அடியில் இருக்கும் திருகு துருப்பிடிக்கும். கம்பி செட்டோடு சேரும் அந்த இடத்தில் தொடர்பு விட்டால் எவ்வளவு நீட்டினாலும் இரைச்சல்தான். உலர்ந்த துணியால் துடைத்து, திருகை இறுக்குங்கள். பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விடாதீர்கள். ஒழுகிப் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிடித்துவிட்டால் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். வால்யூம் திருகும்போது வரும் கரகரப்புக்கு, செட்டை அணைத்துவிட்டு அந்தக் குமிழை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பலமுறை திருகுங்கள், தூசி நகர்ந்துவிடும். செட் கீழே விழுந்தபின் பண்பலை நன்றாகவும் மத்திய அலை ஊமையாகவும் இருந்தால் பெரும்பாலும் உள்ளே ஃபெரைட் கட்டை உடைந்தோ அதன் கம்பி அறுந்தோ இருக்கும். கடையில் கொடுக்கும்போது இதைச் சொல்லியே கொடுங்கள். வேறெதையோ மாற்றிப் பில் போட இடம் இராது.

எந்த ஏற்பாடும் செய்ய முடியாத மலையடி வீட்டுக்காரர்களுக்கு நியூஸ் ஆன் ஏர் செயலி இருக்கிறது. அகில இந்திய வானொலியின் நிலையங்களை அதில் கேட்கலாம். டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி உள்ள வீடுகளில் டி.வி. வழியாகவும் வானொலி வரும்.

காதைப் பழக்குவது

பாட்டுக்கு முன் அறிவிப்பாளர் சொல்லும் நாலு பெயரை விட்டுவிடாதீர்கள்: படம், பாடியவர், எழுதியவர், இசை. என் அளவு நோட்டின் பின்பக்கம் முழுவதும் இந்தப் பெயர்கள்தான். முன்பக்கம் மார்பளவு, தோளளவு, பின்பக்கம் ஜி. ராமநாதன், எஸ்.எம். சுப்பையா நாயுடு. விளம்பரத்துக்கு நடுவே பாட்டை வெட்டி, முன்னிசைமேல் பேசி, பெயரே சொல்லாமல் போகிற அறிவிப்பாளர்களை நான் மன்னிப்பதில்லை. தாளமில்லாமல் பாடும் முன்வரிகளான தொகையறா முடிந்து பல்லவி விழுகிற அந்த நொடிக்காகத்தானே காத்திருக்கிறோம், அதில் வந்து ஜோக் சொன்னால் எப்படி?

பெயர் சொல்வதற்குள் குரலை வைத்தே கண்டுபிடிக்கப் பாருங்கள். எம்.எஸ். ராஜேஸ்வரியின் குழந்தைக் குரல் யாருக்கும் தெரியும், அதிலிருந்து தொடங்குங்கள். கொஞ்சம் கடினம் ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும், இரண்டுமே பட்டு. ராஜாவின் குரல் மேலே போகும்போது இன்னும் மெலிந்து இனிக்கும். ஸ்ரீநிவாஸுக்குக் கீழ்ஸ்தாயியில்தான் வீடு. ராஜா இசையமைப்பாளரும்கூட, பாடகி ஜிக்கியின் கணவர். 1989-இல் நமக்குப் பக்கத்தில் வள்ளியூர் ரயில் நிலையத்தில் நடந்த விபத்தில் காலமானார். அந்த வழியாக ரயில் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இசையமைப்பாளர்களில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று இரண்டு பெயரும் சேர்ந்து வந்தால் 1965-க்குள் இசையமைத்த பாட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு பிரிந்துவிட்டார்கள். கே.வி. மகாதேவன் நம்மவர், 1918-இல் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் பிறந்தவர். திரையிசைக்கென்று தேசிய விருது ஏற்படுத்தப்பட்டபோது முதலில் பெற்றவர் அவர்தான். அவர் பெயர் அறிவிக்கப்பட்டால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். என் வேலை தைப்பது மட்டும் என்று மேலே சொன்ன நானேதான். ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணன் நடிகர் என்றுதான் பலருக்குத் தெரியும். அவருடைய பாட்டுகளும் வரும், சிரித்துக்கொண்டே கேட்க வேண்டியவை.

படத்தில் கேட்ட ஒரு சரணம் ரேடியோவில் இல்லையே என்று நிலையத்தாரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். நீண்ட பாட்டை வெட்டியோ, இரண்டு பக்கமாகப் பிரித்தோ பதித்தார்கள். சில சரணங்கள் தட்டில் ஏறவே இல்லை.

அட்டை எழுதுவது

வேண்டிய பாட்டைக் கேட்டு வாங்க இன்றும் 50 காசு அஞ்சலட்டை போதும். எந்த நிகழ்ச்சிக்கு என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒரு அட்டைக்கு ஒரு பாட்டு. பாட்டின் முதலடி, படம், பாடியவர் மூன்றும் சரியாக இருந்தால் தேடுகிறவருக்குச் சுலபம். ஒரே தலைப்பில் இரண்டு படம் உண்டு, ஒரே முதலடியில் இரண்டு பாட்டு உண்டு. எல்லோரும் கேட்கும் பாட்டையே நீங்களும் கேட்காதீர்கள், அது எப்படியும் வரும். திருச்சி லோகநாதன், சி.எஸ். ஜெயராமன், பி. லீலா, ஜமுனா ராணி என்று யாரும் கேட்காத பக்கம் போங்கள். வீட்டில் எல்லோர் பெயரையும் பட்டியல் போட்டு அனுப்பினால் படிக்க நேரம் இராது. இரண்டு பெயரோடு நிறுத்துங்கள். பெயரையும் ஊரையும் மட்டும் அச்செழுத்துப்போலத் தெளிவாக எழுதுங்கள். என் கையெழுத்தைப் பார்த்து இரணியலை எரணாகுளம் என்று வாசித்துவிடக் கூடாது என்று, கடைசி வரியை நான் எப்போதும் துணியில் குறிபோடும் நீலப் பென்சிலால்தான் எழுதுவேன்.